இருபது விநாடி

மல்லாக்கப் படுத்திருப்பவளின் வலப்பக்கத்தில், அவள் அக்குளை ஒட்டி என் இடுப்பு இருக்கும்படி உட்கார வேண்டும். என் வலது கை அவள் கழுத்தைச் சுற்றிப் பிடரிக்குப் பின்னால் போகும். அவளுடைய வலது கையை என் இடது அக்குளில் இடுக்கிக்கொண்டு, சட்டைக் கையின் துணியை இறுகப் பிடிக்க வேண்டும். வலது கால் முன்னால், இடது கால் பின்னால், இரண்டும் நன்றாக அகன்று. தலை தாழ்ந்திருக்க வேண்டும். ஜூடோவில் முதன்முதலாகக் கற்றுத்தரும் தரைப்பிடி இதுதான். பெயர் கெசா கதாமே. கெசா என்பது பௌத்த பிக்குகள் ஒரு தோளிலிருந்து குறுக்காகப் போர்த்திக்கொள்ளும் ஆடை. சமஸ்கிருதக் காஷாயம்தான் ஜப்பானுக்குப் போய்க் கெசா ஆனது. நம் ஊர்ச் சாமியார்களின் காவித்துணி, அங்கே ஒருத்தியின் மார்பின் குறுக்கே இன்னொருத்தி சாய்ந்து கிடக்கும் பிடிக்குப் பெயராகிவிட்டது.

புதுக்கோட்டையில் ஒரு கூடத்தில் இதைக் கற்றுக்கொள்ள நான் பாயில் இறங்கியபோது எனக்கு வயது 38. சொல்லித்தந்த பெண் என்னைவிடப் பத்து வயது இளையவள். கை எங்கே, கால் எங்கே என்பதெல்லாம் ஒரே நாளில் பிடிபட்டது. பிடி மட்டும் நிற்கவில்லை. கீழே கிடந்த பள்ளிக்கூடப் பெண் ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டாள். மாஸ்டர் பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்து பார்த்தார். "அக்கா, அவ மேல உக்காந்திருக்கீங்க. ஆனா உங்க எடைய நீங்களேதான் தாங்கிக்கிட்டிருக்கீங்க. அதை அவகிட்ட குடுங்க" என்றார்.

உண்மைதான். என் எடை முழுவதும் என் முழங்காலிலும் இடது கையிலும் இருந்தது. அவளுக்கு வலித்துவிடுமோ என்ற பயம் கொஞ்சம், என் உடம்பு ஒருத்தி மேல் முழுசாகச் சாய்கிறதே என்ற கூச்சம் நிறைய. பிறகு கவனித்தேன்: புதிதாக வரும் பெண்கள் அநேகமாக எல்லோருக்கும் இதே சிக்கல். பிடிக்கும்போதே "ஸாரி" சொல்வார்கள். பையன்களுக்கு மாஸ்டர் சொல்ல வேண்டியிருந்தது வேறு: "மெதுவாடா, அவன் மூச்சு விடட்டும்."

ஐரிஸ் மாரியன் யங் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் 1980இல் இதைப்பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பெண்கள் பந்து எறியும்போது கையை மட்டும் பயன்படுத்துகிறார்கள், உடம்பு முழுவதையும் அந்தச் செயலுக்குள் செலுத்துவதில்லை, இதற்குக் காரணம் எலும்போ தசையோ அல்ல, தன் உடம்பைப் பிறர் பார்க்கும் பொருளாகவே பழகிவிட்ட வாழ்க்கைதான் என்பது அவர் வாதம். மாணவிகள் தேடிப் படிக்க வேண்டிய கட்டுரை. பாயில் ஒரு வாரம் புரண்டவளுக்கு அது இன்னும் சுலபமாகப் புரியும்.

பிடிக்கவும் பிடியிலிருந்து விடுபடவும் கற்றுக்கொள்வதில் பெண்களுக்கு எது அனுமதிக்கப்பட்டது, எது மறுக்கப்பட்டது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. கானோ ஜிகோரோ 1882இல் தோக்கியோவில் ஒரு கோயில் கட்டடத்தில் கோதோகான் என்ற தம் பள்ளியைத் தொடங்கினார். 1893இல் அஷியா சுவேகோ என்ற பெண் மாணவியாகச் சேர்ந்தார். தம் வீட்டுப் பெண்களுக்கும் கானோ கற்றுத்தந்தார். அந்தக் காலத்துக்கு இது பெரிய காரியம்தான், மறுப்பதற்கில்லை. 1926இல் பெண்கள் பிரிவு என்று தனியாகவே ஒன்று வந்தது. ஆனால் அந்தப் பிரிவின் கதவுக்கு உள்ளே ஒரு கோடு போடப்பட்டிருந்தது. பெண்கள் கதா என்னும் வரையறுத்த அசைவுகளை அழகாகச் செய்துகாட்டலாம், போட்டியில் இறங்கக் கூடாது. ஒருத்தியை இன்னொருத்தி மெய்யாகவே மண்ணைக் கவ்வவைப்பது பெண்மைக்கும் உடல்நலத்துக்கும் ஆகாது என்று சொல்லப்பட்டது. அந்தக் கோட்டைக் கண்ணால் பார்க்கவும் முடியும். பெண்கள் கட்டிய கறுப்புப் பட்டையின் நடுவே, நீளவாக்கில் ஒரு வெள்ளைக் கோடு ஓடும். கறுப்புப் பட்டைதான், ஆனால் பெண்ணுடையது என்று பத்தடி தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். உலகப் போட்டிகளில் இந்தக் கோடு 1999இல்தான் போனது. ஜப்பானின் உள்நாட்டுப் போட்டிகளில் 2017 வரை இருந்தது.

ஃபுகுதா கெய்கோ அந்தப் பிரிவில் 1935இல் சேர்ந்தவர். கானோவுக்கு ஜுஜுத்சு கற்றுக்கொடுத்த ஆசிரியரின் பேத்தி. ஐந்தடிக்கும் குறைந்த உயரம். கல்யாணம் பேசி வந்தபோது ஜூடோவை விட வேண்டியிருக்கும் என்று தெரிந்து, வேண்டாம் என்றுவிட்டார். ஐந்தாம் டானுக்கு மேல் பெண்களுக்குத் தரம் உயர்த்துவதில்லை என்ற வழக்கத்தால், அவருக்குப் பின்னால் வந்த ஆண்கள் ஒவ்வொருவராக அவரைத் தாண்டிப் போனார்கள். 1964இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ முதல்முறையாக இடம்பெற்றது. ஆண்கள் பதக்கத்துக்காக மோதினார்கள். ஃபுகுதாவும் அந்த அரங்குக்கு வந்தார், ஜு நோ கதாவைச் செய்துகாட்டுவதற்கு. அதில் விழுவது இல்லை, தரைப்பிடி இல்லை, யாரும் யாரையும் தூக்கி எறிவதில்லை. கிமோனோ கட்டிக்கொண்டே செய்யலாம். ஆறாம் டான் அவருக்கு 1972இல் கிடைத்தது. கோதோகானின் ஒன்பதாம் டான் 2006இல். அமெரிக்க ஜூடோ அமைப்பு ஒன்று 2011இல் பத்தாம் டான் அளித்தபோது அவருக்கு வயது 98. சான் பிரான்சிஸ்கோவில் 2013இல் இறந்தார். அவரைப் பற்றிச் சொல்லும்போது பொறுமையைப் புகழ்வது வழக்கம். எனக்கென்னவோ அந்தப் புகழ்ச்சி பிடிப்பதில்லை. அவரைக் காக்கவைத்தவர்கள் தப்பித்துக்கொள்ளும் வழி அது.

போட்டி ஆகாது, ஆனால் தற்காப்பு ஆகும். இந்தப் பாகுபாடு ஜப்பானுக்கு மட்டும் உரியதல்ல. லண்டனில் வாக்குரிமை கேட்டுப் போராடிய பெண்களுக்கு, ஜூடோவின் தாய்க்கலையான ஜுஜுத்சுவை ஈடித் காரட் கற்றுத்தந்தார். 1913இல் பிரிட்டிஷ் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. சிறையில் உண்ணாவிரதம் இருக்கும் பெண்களை உடல் நலிந்ததும் வெளியே விட்டு, தேறியதும் திரும்பப் பிடித்துக்கொள்ளலாம். பூனை எலியோடு விளையாடுவதைப் போல என்று மக்களே அதற்குப் பெயர் வைத்தார்கள். தலைவர்களைப் போலீஸ் மறுபடி பிடிக்காமல் தடுக்க ஏறத்தாழ 30 பெண்கள் மெய்க்காவல் படையாகத் திரண்டார்கள். அவர்களுக்கு ரகசிய இடங்களில் பயிற்சி கொடுத்தவர் காரட். பத்திரிகைகள் கேலிச்சித்திரம் போட்டுச் சிரித்தன. ஆனாலும் அவை சிரித்தது சும்மா அல்ல. நாலடி பதினோரு அங்குல உயரப் பெண் ஒரு போலீஸ்காரரைத் தரையில் கிடத்துவது அவர்களுக்குக் கலக்கமாகத்தான் இருந்திருக்கும்.

நம் நாட்டுக்கு இந்தக் கலையை அழைத்து வந்தவர் ரவீந்திரநாத் தாகூர். 1905 வாக்கிலேயே ஒரு ஜப்பானிய ஆசிரியர் சாந்திநிகேதனுக்கு வந்துபோயிருந்தார். 1929இல் தகாகாகி ஷின்சோ என்ற தேர்ந்த ஜூடோ வீரரைத் தாகூர் வரவழைத்தார். மாணவர்களோடு மாணவிகளும் பாயில் இறங்கினார்கள். அந்தப் பயிற்சியை மேடையில் செய்துகாட்டும் நிகழ்ச்சிக்காக அவர் ஒரு பாட்டே எழுதினார். சேலை கட்டிய வங்காளப் பெண்கள் ஆடுவதையும் பாடுவதையும் சாந்திநிகேதனின் முகமாக நாம் பார்த்துப் பழகியிருக்கிறோம். அதே வளாகத்தில் ஒருத்தி இன்னொருத்தியைக் கீழே தள்ளப் பழகினாள் என்பது அந்தப் படத்துக்குள் வரவே இல்லை.

தற்காப்பு என்ற எல்லையைத் தாண்டி, "எனக்கு ஜெயிக்க வேண்டும்" என்று சொன்ன பெண்ணுக்கு என்ன நடந்தது என்பதற்கு ரஸ்டி கனோகோகியின் கதை போதும். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பிறந்த யூதப் பெண். 1959இல் நியூயார்க் மாநிலத்தின் யூட்டிகா நகரில் ஓர் ஆண்கள் அணிப் போட்டி. அணியில் ஒருவருக்குக் காயம் பட்டுவிட, அவருக்குப் பதிலாக ரஸ்டி இறங்கினார். முடி குட்டையாக வெட்டியிருந்தது, மார்பைத் துணியால் இறுகச் சுற்றியிருந்தார். தம் ஆட்டத்தில் வென்றார், அணியும் வென்றது. பிறகு அமைப்பாளர் தனியாக அழைத்து, நீ பெண்ணா என்று கேட்டார். ஆமாம் என்றார் ரஸ்டி. பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. இல்லையென்றால் அணியின் வெற்றி பறிபோயிருக்கும்.

அதற்குப் பின் அவர் செய்ததுதான் முக்கியம். 1980இல் பெண்களுக்கான முதல் உலக ஜூடோ போட்டியை நியூயார்க்கில் நடத்தினார். பணத்துக்கு என்ன செய்தார்? சொந்த வீட்டை அடமானம் வைத்தார். நம் பக்கத்தில் பிள்ளை படிப்புக்கும் பெண் கல்யாணத்துக்கும் வீட்டை அடமானம் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். உலகத்துப் பெண்கள் ஒருவரை ஒருவர் தரையில் அமுக்குவதற்காக ஒருத்தி வீட்டை வைத்தாள் என்று சொன்னால் என் அம்மா நம்பமாட்டார். 1988இல் சியோல் ஒலிம்பிக்கில் பெண்கள் ஜூடோ காட்சிப் போட்டியாக வந்தது. 1992இல் பார்சிலோனாவில் பதக்கத்துக்கு உரியதானது, ஆண்களுக்கு 28 ஆண்டுகள் கழித்து. யூட்டிகாவில் வாங்கிக்கொண்ட பதக்கத்துக்கு ஈடாக 2009இல் ரஸ்டிக்கு ஒரு தங்கப் பதக்கம் தரப்பட்டது. அந்த ஆண்டே அவர் இறந்துபோனார். இந்தியாவிலிருந்து மணிப்பூரின் சுசீலா தேவி 2014இலும் 2022இலும் காமன்வெல்த் போட்டியில் வெள்ளி வென்றிருக்கிறார். அதே மணிப்பூரின் லிந்தோய் சனம்பம் 2022இல் இளநிலைப் பிரிவில் உலகப் பட்டம் வென்றார்.

1992 என்றதும் புதுக்கோட்டைக்காரிக்கு வேறொன்று ஞாபகம் வரும். மாவட்ட ஆட்சியராக ஷீலா ராணி சுங்கத் இருந்த காலம். அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கொடுத்தது. அந்த ஆண்டு மகளிர் தினத்தையொட்டி, கைப்பிடியில் கொடி கட்டி மணியடித்துக்கொண்டு 1500க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகருக்குள் சைக்கிளில் வந்தார்கள். 18 மாதங்களில் ஒரு லட்சம் பெண்கள் ஓட்டப் பழகினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். கல்குவாரியில் வேலை பார்த்தவர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். பார் இருந்தால் பிள்ளையை அதில் உட்காரவைக்கலாம் என்பது கூடுதல் வசதி. பார்த்தவர்கள் சொன்ன கொச்சைச் சொற்களையும் சேர்த்துத்தான் மிதித்தார்கள். அப்போது ஓட்டப் பழகியவர்களில் என் அம்மாவும் ஒருவர். முட்டியில் இன்னும் தழும்பு இருக்கிறது.

சைக்கிளுக்கும் ஜூடோவுக்கும் முதல் பாடம் ஒன்றே: விழுவது. ஜூடோவில் அதற்கென்றே பயிற்சி உண்டு. கையால் பாயை ஓங்கி அறைந்து, தலையைத் தூக்கிக்கொண்டு விழ வேண்டும். அம்மாவுக்கு அதைச் சொல்லித்தர யாரும் இல்லை. ஆனால் சைக்கிள் நேராக்கிக்கொண்டு எழுந்து போவது. தரைப்பிடி அப்படியல்ல, கீழேயே கிடந்து கற்க வேண்டியது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரியது என்பதை ஒத்துக்கொள்கிறேன். அந்த வித்தியாசத்தைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

பிடியில் மாட்டிக்கொண்டவள் முதலில் செய்வது தவறு: இரண்டு கையாலும் தள்ளுவாள். ஐந்தாறு விநாடியில் கை சோர்ந்துவிடும், மூச்சு போய்விடும், மேலே இருப்பவள் அசைந்திருக்கக்கூட மாட்டாள். செய்ய வேண்டியது இடுப்பை நகர்த்துவது. பக்கவாட்டில் திரும்பி, காலை மடக்கி, இடுப்பைப் பின்னுக்கு இழுத்து ஒரு விரற்கடை இடைவெளி உண்டாக்க வேண்டும். இந்த அசைவுக்கு ஜப்பானியர் வைத்த பெயர் எபி, அதாவது இறால். ஜெகதாப்பட்டினத்திலும் கோட்டைப்பட்டினத்திலும் வலையிலிருந்து கொட்டிய இறால் துள்ளுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அந்த இடைவெளி கிடைத்தால் மூன்று வழி. சிக்கிய கையின் முழங்கையைப் பாயை நோக்கி இழுத்துக்கொண்டு குப்புறத் திரும்பி முழங்காலுக்கு வரலாம். அவளுடைய பின்னங்காலை உன் கால்களால் பின்னிக்கொண்டால், விதிப்படி பிடி கலைந்ததாகக் கணக்கு. அல்லது அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்து, பாலம்போல உன் இடுப்பை வளைத்துத் தூக்கி, அவளை உன் மேலாக மறுபுறம் புரட்டலாம். எதுவும் ஆகாவிட்டால் பாயை இரண்டு முறை தட்டு. அந்த நொடியே அவள் விட்டுவிட வேண்டும். இது ஜூடோவின் முதல் சட்டம்.

போட்டியில் 20 விநாடி பிடித்து வைத்தால் முழு வெற்றி. முன்பு 30 விநாடியாக இருந்தது. இதன் பொருள் என்ன? அதே எடைப்பிரிவில் இருக்கும், பல வருடம் பயிற்சி பெற்ற, உலகப் போட்டி வரை வந்த பெண்ணாலேயே பல நேரம் அந்த 20 விநாடிக்குள் வெளியே வர முடிவதில்லை. யாரும் அவளிடம் போய், "நீ ஏன் திமிறவில்லை, சம்மதமா?" என்று கேட்பதில்லை.

அந்தக் கேள்வியை நம் நீதிமன்றங்கள் கேட்டிருக்கின்றன. 1972இல் மகாராஷ்டிரத்தில் ஒரு காவல் நிலையத்துக்குள் இரண்டு போலீஸ்காரர்களால் வன்முறைக்கு ஆளான ஆதிவாசிச் சிறுமியின் வழக்கு அது. மதுரா வழக்கு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உயர் நீதிமன்றம் தண்டித்தவர்களை 1978இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. உடம்பில் காயம் இல்லை என்பதும், அவள் எதிர்த்ததற்கு அடையாளம் இல்லை என்பதும் தீர்ப்பில் முக்கியக் காரணங்கள். உபேந்திர பக்ஷி, லோத்திகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் என்ற நான்கு சட்ட ஆசிரியர்கள் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். பணிந்துபோவதும் சம்மதிப்பதும் ஒன்றா என்பதுதான் அதன் அடிநாதம். அதைத் தொடர்ந்து நாடெங்கும் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்தால் சம்மதித்ததாகக் கொள்ளக் கூடாது என்ற விளக்கம் சட்டத்தில் ஏற 2013 வரை ஆயிற்று.

அந்தத் தீர்ப்பை எழுதியவர்கள் யாராவது ஒரு நாள் கெசா கதாமேயின் கீழே கிடந்திருக்க வேண்டும் என்று நான் நினைப்பதுண்டு. விலாவில் ஒருவரின் முழு எடை இறங்கும்போது காயம் படாது. சத்தமும் வராது, சத்தத்துக்கு மூச்சு வேண்டும். பழகியவர்களுக்கே மூளை ஒரு கணம் நின்றுபோகும். தலைக்குள் ஒரு பயம் பரவி, கையைக் காலை அசைக்க முடியும் என்பதே மறந்துபோகும். இதை நான் பாதுகாப்பான பாயில், சிரிக்கத் தெரிந்த பெண்ணின் கீழே கிடந்து தெரிந்துகொண்டேன். தட்டினால் விட்டுவிடுவாள் என்று தெரிந்தும்.

ஆகவே ஜூடோ கற்றால் பெண்கள் பத்திரமாக இருப்பார்கள் என்று யாராவது சொன்னால், அதை நான் ஏற்பதில்லை. அந்தப் பேச்சின் மறுபக்கம் கற்காதவள் மேல் பழியைப் போடுகிறது. அரசுப் பள்ளி மாணவிகளுக்கு ராணி லட்சுமிபாய் பெயரில் தற்காப்புப் பயிற்சித் திட்டம் ஒன்று இருக்கிறது, மூன்று மாதம். கராத்தே, ஜூடோ, டேக்வாண்டோ, சிலம்பம் என்று ஊரில் எந்த ஆசிரியர் கிடைக்கிறாரோ அது. இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் நான் பார்த்த வகுப்புகளில் எல்லாமே நின்றபடி. குத்து, தடு, உதை. தரையில் எதுவும் இல்லை. ஒரு பள்ளியில் கேட்டபோது, "புள்ளைங்கள அப்படிப் படுக்கவெச்சா பெத்தவங்க சத்தம் போடுவாங்க டீச்சர்" என்றார்கள். எந்த நிலையை நினைத்து ஊரே பயப்படுகிறதோ, அந்த நிலையை மட்டும் பெண்பிள்ளை பழகிப் பார்க்கக் கூடாது. அதிலும் மேலே இருந்து பிடிப்பவளாக அவளைப் பழக்குவது பற்றி யாரும் யோசிப்பதுகூட இல்லை. கோதோகானில் போட்ட கோடு நம் பள்ளித் திடல் வரை நீள்கிறது.

அம்மாவை ஒரு சனிக்கிழமை கூடத்துக்கு அழைத்துப்போனேன். முட்டிவலியால் கீழே உட்கார முடியாது, நாற்காலி போட்டார்கள். என்னை அந்தப் பள்ளிக்கூடப் பெண் பிடித்தாள். நான் இறாலைப் போலத் துள்ளினேன், கால் கொடுத்தேன், பாலம் போட்டேன், எதுவும் நடக்கவில்லை. மாஸ்டர் எண்ணிக்கொண்டே வந்தார். பதினான்கு, பதினைந்து. அம்மா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். இருபது ஆனதும் அந்தப் பெண் எழுந்து கை கொடுத்து என்னைத் தூக்கிவிட்டாள்.

"அவளை நீ பிடிச்சுக் காட்டு" என்றார் அம்மா.

பிடித்தேன். இந்த முறை எடையை அவளிடமே கொடுத்துவிட்டேன். பதினொன்றாவது விநாடியில் புரட்டிப் போட்டுவிட்டாள்.